செருகுநிரல் கோப்புகளுக்கு ஒரே பெயர் முறை: ‘லிப்’ வேண்டுமா, பின்னொட்டு எதுவாக இருக்க வேண்டும்?

கோடகன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நமது தமிழ்த் திருத்தி நிரலின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னால், செருகுநிரல்களின் (நிரலோடு தனியாகச் சேர்த்துக்கொள்ளும் துணைநிரல்களின்) கோப்புப் பெயர்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். அந்தப் பெயர்கள் வட்டில் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. படிப்பவர்களின் வசதிக்காக இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன்.

சென்ற வாரம் டவுனில் உள்ள ஓர் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. வைகாசி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் வேலை குவிந்து கிடக்கும் நேரத்தில், அவர்களுடைய மேக் கணினியில் மட்டும், விடுபட்ட ஒற்றைச் சேர்க்கும் செருகுநிரலான சந்தித் திருத்தம் பட்டியலில் வரவே இல்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு விண்டோஸ் கணினிகளில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. எதைக் கேட்டாலும் பிழை ஒன்றும் காட்டவில்லை என்றே பதில் வந்ததால், பாளையங்கோட்டையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தையும் ஈரடுக்கு மேம்பாலத்தையும் தாண்டி நேரிலேயே போய்விட்டேன்.

செருகுநிரல் கோப்புறையைத் திறந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அங்கே ‘லிப்சந்தி.டைலிப்’ என்ற கோப்பு இருந்தது. நமது நிரலோ, மேக்கில் ‘.எஸ்ஓ’ என்று முடியும் கோப்புகளை மட்டுமே எடுத்து, மற்றவற்றைப் பார்க்காததுபோல் கடந்துவிடுகிறது. நான் அந்தக் கோப்பின் பின்னொட்டைக் கையாலேயே ‘.எஸ்ஓ’ என்று மாற்றினேன். சந்தித் திருத்தம் உடனே பட்டியலில் வந்துவிட்டது. கோப்புக்குள் இருந்த ஒரு பைட்டையும் நான் தொடவில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நிரலைக் கட்ட உதவும் சீமேக் கருவியில் ஒரு லைப்ரரியை ‘ஷேர்டு’ என்று அறிவித்தால் மேக்கில் அது ‘.டைலிப்’ ஆகப் பிறக்கிறது. ‘மாட்யூல்’ என்று அறிவித்தால் அதே மேக்கில் ‘.எஸ்ஓ’ ஆகப் பிறக்கிறது. மற்ற நான்கு செருகுநிரல்களை எழுதியவர்கள் ‘மாட்யூல்’ என்று எழுதியிருக்கிறார்கள். சந்தியை எழுதியவர் ‘ஷேர்டு’ என்று எழுதியிருக்கிறார். லினக்ஸில் இரண்டும் ‘.எஸ்ஓ’, விண்டோஸில் இரண்டும் ‘.டிஎல்எல்’ என்பதால் இத்தனை நாளும் இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படவில்லை.

இன்றைய நிலையில் ஒரே சந்தி லினக்ஸில் ‘லிப்சந்தி.எஸ்ஓ’, விண்டோஸுக்காக விஷுவல் ஸ்டுடியோவில் கட்டினால் ‘சந்தி.டிஎல்எல்’, மின்ஜிடபிள்யூ கருவித்தொகுப்பில் கட்டினால் ‘லிப்சந்தி.டிஎல்எல்’, மேக்கில் ‘லிப்சந்தி.டைலிப்’, இப்போது அந்த அச்சகத்தில் மட்டும் ‘லிப்சந்தி.எஸ்ஓ’. இதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முன்னொட்டு வேண்டுமா, பின்னொட்டு எதுவாக இருக்க வேண்டும், அமைப்புக் கோப்பில் எதை எழுத வேண்டும் என்று உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

குறுக்குத்துறை

லினக்ஸ் பொதிகளைக் கட்டித் தருபவன் என்ற முறையில் முன்னொட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். ‘லிப்’ என்பது ஓடுகிற நிரலுக்காக வந்ததன்று, கட்டும் நேரத்தில் கோப்புகளை இணைக்கும் லிங்கர் என்ற கருவிக்காக வந்தது. கட்டும் நேரத்தில் ‘-எல்சந்தி’ என்று லிங்கரிடம் சொன்னால், அது தானாகவே முன்னால் ‘லிப்’ சேர்த்து, ‘லிப்சந்தி.எஸ்ஓ’வைத் தேடும், கிடைக்காவிட்டால் ‘லிப்சந்தி.ஏ’யைத் தேடும். அந்தச் சுருக்கு வழிக்காகத்தான் யூனிக்ஸ் லைப்ரரிகள் எல்லாம் ‘லிப்’ சுமந்து நிற்கின்றன. செருகுநிரலை எவரும் ‘-எல்’ கொடுத்து இணைப்பதில்லை. நிரல் ஓடும்போது கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து ‘டிஎல்ஓப்பன்’ என்ற அழைப்பின் மூலம் திறக்கிறோம். பாதையில் ஒரு சாய்கோடு இருந்துவிட்டாலே அது தேடலில் இறங்காமல் அந்தக் கோப்பையே நேராகத் திறக்கும். பெயர் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று பார்ப்பதே இல்லை. கோடகன் அண்ணாச்சி அந்த அச்சகத்தில் பெயரை மாற்றியதும் வேலை செய்ததில் வியப்பில்லை.

நம் ஊர்ப் பெயரில் உள்ள ‘திரு’வைப் போலத்தான் இதுவும். ரயில் நிலையப் பட்டியலில் ‘திருநெல்வேலி’ என்று தேடினால்தான் கிடைக்கும். ஆனால் அங்கே வந்து சேரும் வண்டிக்கு ‘நெல்லை எக்ஸ்பிரஸ்’ என்றுதான் பெயர். தேடுகிற இடத்துக்கு முழுப்பெயர் வேண்டும், பேசுகிற இடத்துக்கு வேண்டியதில்லை. செருகுநிரல் பேசுகிற இடத்தைச் சேர்ந்தது.

பதிப்பு எண்ணைப் பற்றியும் இதே நியாயம்தான். சாதாரண லைப்ரரிக்கு லினக்ஸில் மூன்று பெயர்கள் உண்டு: ‘லிப்சந்தி.எஸ்ஓ.1.2.3’ என்ற உண்மையான கோப்பு. ஓடும் நேரத்தில் தேடப்படும் ‘லிப்சந்தி.எஸ்ஓ.1’ என்ற எஸ்ஓநேம். கட்டும் நேரத்துக்கான ‘லிப்சந்தி.எஸ்ஓ’. பின்னிரண்டும் பெரும்பாலும் இணைப்புக் குறிகள்தாம். பழைய நிரல்களும் புதிய நிரல்களும் ஒரே லைப்ரரியின் வெவ்வேறு பதிப்புகளை அருகருகே பயன்படுத்துவதற்காக அமைந்த ஏற்பாடு அது. செருகுநிரலுக்கு அந்தத் தேவை இல்லை என்பதை லைப்ரரி கட்டும் கருவியான லிப்டூலைச் செய்தவர்களே உணர்ந்துதான், ‘-மாட்யூல்’, ‘-அவாய்ட்-வெர்ஷன்’ என்ற இரண்டு தெரிவுகளை வைத்திருக்கிறார்கள். முதலாவது ‘லிப்’ இல்லாத பெயரை அனுமதிக்கிறது, இரண்டாவது பதிப்பு எண்களை விட்டுவிடுகிறது.

ஆகவே என் வாக்கு: ‘லிப்’ போகட்டும். கோப்புகள் பொதுவான லைப்ரரி கோப்புறையில் இல்லாமல், நமது நிரலின் பெயரிலான துணைக் கோப்புறையில் இருக்கட்டும்.

சேரன்மாதேவி

நான் விண்டோஸ் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவள். ‘லிப்’ நீங்குவதில் எனக்கு மகிழ்ச்சியே. மின்ஜிடபிள்யூவும் விஷுவல் ஸ்டுடியோவும் ஒரே பெயரைத் தரும் என்றால் என் நிறுவியில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். சீமேக்கில் அந்த இலக்கின் முன்னொட்டுப் பண்பை வெற்றுச் சரமாக வைத்தால் போதுமானது.

பின்னொட்டைப் பொறுத்தவரை, விண்டோஸ் நாம் நினைக்கும் அளவுக்குக் கண்டிப்பானதன்று. ‘லோட்லைப்ரரி’க்குப் பின்னொட்டு இல்லாத பெயரைக் கொடுத்தால் அது ‘.டிஎல்எல்’ என்று தானே சேர்த்துக்கொள்ளும். சேர்க்க வேண்டாம் என்றால் பெயரின் இறுதியில் ஒரு வெறும் புள்ளி வைக்க வேண்டும். இந்தப் புள்ளி விஷயம் தெரியாமல் நான் ஒரு முழு மாலையை இழந்திருக்கிறேன். கண்ட்ரோல் பேனலின் ‘.சிபிஎல்’, ஆக்டிவ்எக்ஸின் ‘.ஓசிஎக்ஸ்’, பைத்தானின் ‘.பிஒய்டி’ ஆகிய எல்லாமே உள்ளே டிஎல்எல்தான், வெளியே வேறு சட்டை.

எனக்கு உண்மையில் கவலை தருவது நடுவில் இருக்கும் பெயர். நம் செருகுநிரல்களில் ஒன்றின் பெயர் ‘யூட்டில்ஸ்’; இன்னொன்று ‘கோர்’. விண்டோஸில் பாதை இல்லாமல் வெறும் பெயரைச் சொல்லி ஒரு டிஎல்எல்லைக் கேட்டால், அதே பெயரில் ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றப்பட்ட ஒன்று இருக்குமானால், எந்தக் கோப்புறையிலிருந்து வந்தது என்று பாராமல் அதையே எடுத்துத் தந்துவிடும். நமது ‘யூட்டில்ஸ்’ முதலில் ஏறிவிட்டால், வேறொருவருடைய செருகுநிரல் தன்னுடைய ‘யூட்டில்ஸ்’ஐக் கேட்கும்போது நம்முடையது போய் நிற்கும்; அங்கே தேடும் செயல்கூறு இருக்காது; குற்றம் யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் பக்கத்து வழக்கத்தில் ஒரே தெருவில் நான்கு சுடலைமுத்து இருப்பது சாதாரணம்; ஆனால் தெருவில் எவரும் வெறும் ‘சுடலைமுத்து’ என்று கூப்பிடுவதில்லை, வீட்டையோ தொழிலையோ சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அதேபோல் ஒவ்வொரு செருகுநிரல் பெயருக்கும் முன்னால் நமது நிரலின் குறும்பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

முக்கூடல்

நான் இன்னும் கல்லூரியில் படிப்பவன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிஎல்ஓப்பனும் லோட்லைப்ரரியும் பின்னொட்டைப் பொருட்படுத்துவதில்லை என்றால், மூன்று இயங்குதளங்களிலும் நமக்கென்று ஒரே பின்னொட்டை வைத்துக்கொண்டால் என்ன? எல்லாமே ‘.எஸ்ஓ’ என்றோ, அல்லது நம்முடைய நிரலின் பெயரிலேயே ஒன்றாகவோ?

கல்லிடை

தம்பியின் கேள்வி நியாயமானது. பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல அனுமதியுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ‘யூனிக்ஸ் என்றால் .எஸ்ஓ’ என்று சொல்ல முடியாது. எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸான எச்பி-யூஎக்ஸின் பிஏ-ரிஸ்க் இயந்திரங்களில் பகிர்வு லைப்ரரிகள் ‘.எஸ்எல்’ என்று முடியும். அதே எச்பி-யூஎக்ஸ் இட்டானியம் செயலிக்குப் போனபோது ‘.எஸ்ஓ’ ஆகிவிட்டது. ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸில் நிலைமை இன்னும் வேடிக்கை: ‘.ஏ’ என்ற பெட்டகக் கோப்புக்குள்ளேயே பகிர்வுப் பொருள் உட்கார்ந்திருக்கும். லினக்ஸிலிருந்து வருபவர்கள் அதை நிலையான லைப்ரரி என்று நினைத்து ஏமாறுவார்கள். ஆகப் பின்னொட்டு என்பது ஒரு தளத்துக்குள்ளேயே நிலைத்து நிற்பதில்லை.

மேக்கில் வேறுபாடு பெயரில் மட்டும் இல்லை, பொருளிலேயே இருக்கிறது என்பதைக் கோடகன் சொல்லாமல் விட்டுவிட்டார். லினக்ஸின் ஈஎல்எஃப் வடிவத்தில் லைப்ரரியும் செருகுநிரலும் ஒரே வகைக் கோப்புதான். மேக்கின் மாக்-ஓ வடிவத்தில் ‘டைலிப்’ ஒரு வகை, ‘பண்டில்’ வேறு வகை. கோப்பின் தலைப்பகுதியிலேயே அந்த வகை எழுதப்பட்டிருக்கும். டைலிபை லிங்கரிடம் கொடுத்து இணைக்கலாம். பண்டிலை இணைக்க முடியாது, ஓடும்போது ஏற்ற மட்டுமே முடியும். பழைய மேக்குகளில் டைலிபை ஒருமுறை ஏற்றிவிட்டால் இறக்கவும் முடியாது, 10.5 பதிப்பிலிருந்துதான் அது சாத்தியமாயிற்று. சீமேக்கில் ‘மாட்யூல்’ என்றால் பண்டில் வகையும், ‘ஷேர்டு’ என்றால் டைலிப் வகையும் உருவாகின்றன. இப்போதைய டிஎல்ஓப்பன் இரண்டையும் ஏற்றுக்கொள்வதால்தான் அச்சகத்தில் பெயரை மாற்றியதோடு காரியம் முடிந்தது. எனினும் அந்தக் கோப்பு பெயரால் மட்டுமே ‘.எஸ்ஓ’, உள்ளே இன்னும் டைலிப்தான்.

சரி, செருகுநிரலுக்கு மேக்கில் எந்தப் பின்னொட்டு மரபு என்று கேட்டால், மரபே இல்லை என்பதுதான் நேர்மையான பதில். பைத்தான் ‘.எஸ்ஓ’ வைக்கிறது. ரூபியும் பெர்லும் ‘.பண்டில்’ வைக்கின்றன. ஜாவா ஒரு காலத்தில் ‘.ஜேஎன்ஐலிப்’ என்று தனியாக ஒன்றை வைத்திருந்து, பிறகு ‘.டைலிப்’புக்கு வந்து சேர்ந்தது. கியூட்டி என்ற நிரலாக்கச் சட்டகத்தின் செருகுநிரல்கள் ‘லிப்’பும் ‘.டைலிப்’புமாகவே இருக்கின்றன. ஆளுக்கொரு வழி.

தனிப் பின்னொட்டு என்ற யோசனைக்கும் முன்னோடிகள் இருக்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் தன் துணைநிரல்களுக்கு மூன்று தளங்களிலும் ‘.நோட்’ என்றே வைக்கிறது. அப்பாச்சி இணைய வழங்கியின் ‘மாட்_ரீரைட்.எஸ்ஓ’ விண்டோஸிலும் ‘.எஸ்ஓ’தான், அதனால் ஒரே அமைப்பு வரியை எந்தத் தளத்திலும் எழுதலாம். இசை நிரல்களுக்காக 2022இல் வந்த கிளாப் என்ற செருகுநிரல் தரமும் எங்கும் ‘.கிளாப்’ என்ற ஒரே பின்னொட்டைப் பயன்படுத்துகிறது.

குறுக்குத்துறை

கல்லிடை அண்ணாச்சி சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன்; தனிப் பின்னொட்டு என்ற யோசனையை மட்டும் ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. நோட்.ஜேஎஸ்ஸும் அப்பாச்சியும் பெரியவை. மற்றவர்கள் அவற்றுக்காக வளைந்துகொடுப்பார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பொதி கட்டும்போது பிழைதிருத்தக் குறிப்புகளை உரித்தெடுக்கும் ‘டிஎச்_ஸ்டிரிப்’ என்ற கருவி, பகிர்வு லைப்ரரியை அடையாளம் காணக் கோப்புப் பெயரின் முடிவைப் பார்க்கிறது. அதன் பட்டியலில் ‘.எஸ்ஓ’ உண்டு, ‘.நோட்’கூட உண்டு. நாம் புதிதாகக் கண்டுபிடிக்கும் பின்னொட்டு அதில் இருக்காது. பெயரைப் பார்த்து வேலை செய்யும் இப்படிப்பட்ட கருவிகளை ஒவ்வொன்றாகத் தேடிப்போய்ச் சொல்லிக்கொண்டிருக்க நம்மிடம் ஆள் இல்லை.

அதைவிட முக்கியமானது வேறொன்று. எந்தப் பின்னொட்டு என்பதைவிட, அது எங்கெங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் நம்மை வருத்துகிறது. இதற்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நல்ல சான்று. அங்கே சி மொழியில் எழுதிய செயல்கூறு ஒன்றை அறிவிக்கும்போது கோப்பின் பெயரைப் பின்னொட்டு இல்லாமல் எழுதுவதே பரிந்துரைக்கப்படும் முறை. அந்தந்தத் தளத்தின் பின்னொட்டைத் தரவுத்தளமே சேர்த்துக்கொள்ளும். மேக்கில் நீண்ட காலமாக ‘.எஸ்ஓ’ என்று இருந்ததை 16ஆம் பதிப்பில் ‘.டைலிப்’ என்று மாற்றினார்கள். பெயரை வெறுமையாக எழுதியிருந்தவர்கள் ஓர் எழுத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை, ‘.எஸ்ஓ’ என்று கையால் எழுதி வைத்திருந்தவர்களுக்குத்தான் வேலை வந்தது.

நமது அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘ஏற்றுக: லிப்சந்தி.எஸ்ஓ’ என்று இருக்கிறது. விண்டோஸுக்கு அதே வரியின் இன்னொரு நகல். அதை ‘ஏற்றுக: சந்தி’ என்று மாற்றாமல் எந்தப் பின்னொட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அடுத்த ஆண்டு இதே இழையை மீண்டும் தொடங்குவோம்.

பத்தமடை

பெயர் பற்றிய பேச்சு என்பதால் என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். ஆற்றுப் பெயர்களையும் ஊர்ப் பெயர்களையும் சரிபார்க்கும் செருகுநிரலை எழுதியவன் நான். ஆசையாக, கோப்புக்குத் தமிழிலேயே ‘பொருநை’ என்று பெயர் வைத்தேன். லினக்ஸில் வேலை செய்தது. நண்பர் ஒருவர் தம் பழைய மேக்கில் அதை ஜிப் செய்து திருப்பி அனுப்பினார்; அதை லினக்ஸில் விரித்தபோது, கோப்புறையில் ‘பொருநை’ என்று தெளிவாகத் தெரியும் கோப்பை நிரல் ‘இல்லை’ என்கிறது. அமைப்புக் கோப்பிலும் ‘பொருநை’, வட்டிலும் ‘பொருநை’. திரையில் ஒரு புள்ளி வித்தியாசமில்லை.

பைட்டுகளை எண்ணிய பிறகே புரிந்தது. ‘பொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம்; முன்னால் கொம்பு, பின்னால் கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பதுதான் தரத்தின் விதி. ஆனால் மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை எல்லாப் பெயர்களையும் பிரித்தே சேமிக்கும். லினக்ஸோ பைட்டுகளை அப்படியே ஒப்பிடும். யூடிஎஃப்-8இல் நான் எழுதிய ‘பொருநை’ 18 பைட்டுகள். மேக் வழியாகத் திரும்பி வந்த ‘பொருநை’ 21 பைட்டுகள். ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள எந்தச் சொல்லுக்கும் இது நேரும், ‘சந்தி’க்கு நேராது. மேக்கின் இப்போதைய கோப்பு முறைமையான ஏபிஎஃப்எஸ், பெயரைக் கொடுத்தபடியே வைத்துக்கொண்டு ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் சமமாகக் கருதுகிறது என்றாலும், பழைய வட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

சேரன்மாதேவி

விண்டோஸில் இது வேறு வகையில் உடையும். தமிழுக்கென்று பழைய ஏஎன்எஸ்ஐ குறியீட்டுப் பக்கம் விண்டோஸில் கிடையாது. ஆகவே ‘லோட்லைப்ரரி’யின் ‘ஏ’ வடிவத்தை அழைக்கும் எந்த நிரலிலும், வழக்கமான அமைப்பில், தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும். ‘டபிள்யூ’ வடிவத்தை அழைத்தால் பிழைக்கும். நமது நிரல் ‘டபிள்யூ’வைத்தான் அழைக்கிறது. ஆனால் செருகுநிரல் எழுதும் எல்லோரும் அப்படியே செய்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தையும் இதோடு முடித்துவிடலாம். விண்டோஸும், வழக்கமாக வடிவமைக்கப்பட்ட மேக் வட்டும் அந்த வேறுபாட்டைப் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். எல்லாம் சிறிய எழுத்து என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை.

கல்லிடை

கோப்புப் பெயர் ரோமன் சிறிய எழுத்தில். பயனர் காணும் பெயர் செருகுநிரலுக்குள்ளே தமிழில். பத்தமடைக்காரருக்கு வருத்தமாக இருக்கலாம். பட்டியலில் ‘பொருநை’ என்றே தெரியும்போது கோப்பின் பெயரை எவர் பார்க்கப் போகிறார்கள்?

இடைக்கோடும் வேண்டாம் என்று சொல்வேன். கோப்பின் பெயரிலிருந்து தொடக்கச் செயல்கூற்றின் பெயரை உருவாக்கும் முறை பல இடங்களில் உண்டு: பைத்தானில் ‘சந்தி’ என்ற கோப்புக்குள் ‘பைஇனிட்_சந்தி’ இருக்க வேண்டும், லூவா மொழியில் ‘லூவாஓப்பன்_சந்தி’. சி மொழிப் பெயரில் இடைக்கோடு வராது என்பதால், அது வந்தால் என்ன செய்வது என்று லூவா தனி விதியே வைத்திருக்கிறது; 5.1இல் இடைக்கோடு வரையுள்ள முன்பகுதியை நீக்குவது என்று இருந்த விதி, பிறகு வந்த பதிப்பில் இடைக்கோட்டிலிருந்து பின்பகுதியை நீக்குவது என்று தலைகீழானது. நமக்கு ஏன் அந்த வம்பு? அடிக்கோடு போதும்.

முக்கூடல்

பைத்தானில் ‘.சிபைத்தான்-311-எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூ.எஸ்ஓ’ என்று நீளமாக முடியும் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். நாமும் பதிப்பைப் பெயரில் சேர்க்க வேண்டுமா, அண்ணாச்சி?

குறுக்குத்துறை

வேண்டாம் தம்பி. அது பைத்தான் 3.2இல் தொடங்கிய வழக்கம். பல பைத்தான் பதிப்புகள் ஒரே கோப்புறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒன்றின் கோப்பை மற்றொன்று ஏற்றிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. நாம் இடைமுகத்தின் பதிப்புக்கு ஒரு கோப்புறை என்று வைத்துவிட்டால் அந்தச் சுமையைக் கோப்புறையே சுமந்துகொள்ளும்.

கோடகன்

மூன்று நாள் பேச்சுக்குப் பிறகு இப்படி முடிவு செய்திருக்கிறேன். ‘லிப்’ எங்கும் இல்லை. கோப்பின் பெயர், நமது நிரலின் குறும்பெயரும் அடிக்கோடும் முன்னால் சேர்ந்த சிறிய ரோமன் எழுத்துகள். எல்லாச் செருகுநிரல்களும் சீமேக்கில் ‘மாட்யூல்’தான், இதை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதாமல் இருக்க, முன்னொட்டையும் வகையையும் தானே அமைக்கும் ஒரு செயல்கூற்றை எழுதிப் பொதுக் கோப்பில் வைத்திருக்கிறேன், செருகுநிரலின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். அதனால் லினக்ஸிலும் மேக்கிலும் ‘.எஸ்ஓ’, விண்டோஸில் ‘.டிஎல்எல்’. அமைப்புக் கோப்பில் வெறும் ‘சந்தி’. மற்றதை நிரல் சேர்த்துக்கொள்ளும். கோப்புறையில் எந்தக் கோப்பை ஏன் ஒதுக்கியது என்பதைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதவும் செய்யும். அச்சகத்தில் என்னை அலையவைத்தது அந்த மௌனம்தான்.

தனிப் பின்னொட்டு வேண்டும் என்ற முக்கூடல் தம்பியின் கருத்தை நான் தள்ளிவிடவில்லை. அமைப்புக் கோப்பில் பின்னொட்டே இல்லாத நிலையில், பிறகு மாற்ற நினைத்தால் ஒரே இடத்தில் மாற்றிவிடலாம். நிறுவி, பழைய பெயர்களில் உள்ள கோப்புகளை நீக்கிவிட்டுப் புதியவற்றை வைக்கும். நேற்று இரவு வெளியிட்டுவிட்டேன்.

கல்லிடை

மேக்கில் ‘.டைலிப்’ என்று வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். போஸ்ட்கிரெஸ்ஸே அங்கே போயிற்று. பதிவாகட்டும், அவ்வளவுதான்.

அச்சகத்தார்

கோடகன் சாருக்கு வணக்கம். உங்கள் பேச்சு பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. புதிய பதிப்பை இன்று காலை மேக்கில் போட்டோம். சந்தித் திருத்தம் வருகிறது, ஆனால் பட்டியலில் இரண்டு முறை வருகிறது. திருத்து என்று அழுத்தினால் ‘அழைப்பிதழை கொடுத்து’ என்பது ‘அழைப்பிதழைக்க் கொடுத்து’ என்று ஆகிறது. எல்லா இடத்திலும் ஒற்று இரட்டை இரட்டையாக விழுகிறது. விண்டோஸ் கணினிகளில் இந்தக் கோளாறு இல்லை.

கோடகன்

மன்னிக்க வேண்டும், இது முழுக்க என் தவறு. நிறுவிக்கு நான் கொடுத்த நீக்கல் பட்டியலில், மேக்கைப் பொறுத்தவரை ‘லிப்சந்தி.டைலிப்’ என்ற பெயர் இருக்கிறது. உங்கள் கணினியில் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. அன்று நானே கையால் ‘லிப்சந்தி.எஸ்ஓ’ என்று மாற்றிவிட்டுப் போனேன். உலகத்தில் வேறெந்த மேக்கிலும் இல்லாத பெயர் அது. இப்போது பழையதும் புதியதும் இரண்டுமே ‘.எஸ்ஓ’ என்று முடிவதால் நிரல் இரண்டையும் ஏற்றிக்கொள்கிறது. இரண்டும் ஒரே மூல வரியைப் பார்த்து ஆளுக்கோர் ஒற்றைச் செருகுகின்றன. செருகுநிரலுக்குள் இருக்கும் அடையாளத்தைப் பார்த்து, ஒன்று ஏறியிருந்தால் அடுத்ததை மறுக்கும்படி இன்றே நிரலை மாற்றுகிறேன். அதுவரை கோப்புறையில் ‘லிப்’ என்று தொடங்கும் கோப்பை மட்டும் அழித்துவிட்டு நிரலை மூடித் திறங்கள்.

அச்சகத்தார்

அழித்துவிட்டேன். ஒற்று ஒன்றாகிவிட்டது. காலையில் இரட்டை ஒற்றோடு ஒரு புரூஃப் பெண் வீட்டாருக்குப் போய்விட்டது. அவர்கள் அதைப் படித்துவிட்டு, முகூர்த்த நேரத்தில் மட்டும் ஒரு திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.